டைரக்டரம்மாவின் கம்பளி

மயூர் விஹார், டெல்லி
8 செப்டம்பர் 2024

அன்புள்ள பூங்கோதைக்கு,

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் மட்டும் போதாது, டாக்டர் சொன்ன பயிற்சியும் வேண்டும் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். உன் பதிலில் தைலத்தைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது, பயிற்சியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நீ செய்யவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

வாட்ஸ்அப்பில் தினமும் ரோஜாப்பூ அனுப்புவதையும் நிறுத்து. போன் கேஸ் சிலிண்டர் பதிவு செய்வதற்கு. முப்பத்தாறு வருஷம் புதுக்கோட்டைத் தபாலாபீஸில் உட்கார்ந்தவள் நீயே கடிதம் எழுதாவிட்டால் அப்புறம் யார் எழுதுவார்கள்?

விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணனுடைய இரும்பு பீரோவை ஒழித்தபோது வருமான வரிக் காகிதங்களுக்குப் பின்னால் ஒரு ஃபைல் கிடைத்தது. உள்ளே ஒன்பது படங்கள். ஆபீஸில் வேண்டாமென்று எறிந்த தாள்களின் பின்புறத்தில் வரைந்த 'குமாஸ்தா குண்டூசி' சித்திரக் கதைகள். உனக்கும் அவ்வப்போது தபாலில் அனுப்புவார் என்று தெரியும். 'கோதைக்கு ஒரு கடிதம்' என்று சொல்லிவிட்டு மத்தியானம் முழுவதும் மேஜையில் உட்கார்ந்திருப்பார். அடுத்தவர் கடிதத்தை எட்டிப் பார்ப்பது நான் படித்த கான்வென்ட்டில் பெரிய குற்றம். ஆகவே நான் பார்த்ததில்லை.

எங்கள் காலனித் தமிழ் மன்றம் பொங்கலுக்குக் கைவினைக் கண்காட்சி வைக்கிறது. செயலாளர் பாலசுப்ரமணியம் வந்து, "மாமி, உங்க கையால ஏதாவது குடுத்தே ஆகணும்" என்றார். உன் அண்ணன் ராமச்சந்திரன் நினைவாக ஒரு சித்திரக் கதைக் கம்பளி தருவதாகச் சொல்லிவிட்டேன். மறுநாளே சுற்றறிக்கையில் போட்டுவிட்டார். இனிப் பின்வாங்க முடியாது.

இந்தக் கதைகளில் குண்டூசிக்கு மேலதிகாரியாக ஒரு டைரக்டரம்மா வருகிறாள். ஆள் பனைமரம், கண்ணில் நெருப்பு. அவர் மேஜையில் தற்செயலாகக் கண்ணில் பட்ட ஒரு படத்தைக் காட்டி 'யார் இது?' என்று ஒருமுறை கேட்டதற்கு 'எங்கள் டைரக்டர்' என்றார். பாவம், இப்படி ஒருத்தியோடு எப்படித்தான் காலம் தள்ளினாரோ. உன்னிடம் டைரக்டரம்மா வரும் படங்கள் எத்தனை இருந்தாலும் அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள். பயிற்சியை எழுதாதே, செய்.

உன் அண்ணி,
ஜெயலட்சுமி


புதுக்கோட்டை
20 செப்டம்பர் 2024

வணக்கத்திற்குரிய அண்ணிக்கு,

இங்கு நான் சுகம். அங்கு உங்கள் சுகத்துக்குப் புவனேஸ்வரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். முழங்கால் பரவாயில்லை. பயிற்சி செய்கிறேன்.

கம்பளி யோசனை ரொம்பப் பிரமாதம். ஆனால் எனக்கு என்ன தோன்றுகிறதென்றால், மயில் பின்னினால் எவ்வளவு அழகாக இருக்கும்! கிளி கூட நன்றாக இருக்கும். அண்ணனுக்குக் கிளி என்றால் உயிர் இல்லையா?

என்னிடம் படங்கள் அதிகமில்லை அண்ணி. போன மழைக்குக் கரையான் வந்தது. தப்பிய இரண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்றில் குண்டூசி மின்விசிறியைக் கழற்றுகிறான். இன்னொன்றில் மாட்டுகிறான். டைரக்டரம்மா படம் எதுவும் அகப்படவில்லை. அவள் எதற்கு அண்ணி? பண்டிகையும் அதுவுமாக ஒரு ஆபீஸ்காரி முகத்தையா மாட்டுவது?

கிளிக்குப் பச்சை நூல் வேண்டுமானால் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்துத் தருகிறேன்.

அன்பு நாத்தனார்,
பூங்கோதை


புதுக்கோட்டை
அதே தேதி, சாயங்காலம்

மாசிலாமணி அண்ணனுக்கு,

நலம்தானே? ஜனக்புரியில் அண்ணியும் பிள்ளைகளும் சௌக்கியமா? எனக்குச் சௌக்கியம் போய்விட்டது.

எங்கள் அண்ணி, பொங்கல் கண்காட்சிக்கு டைரக்டரம்மாவைக் கம்பளியில் பின்னப் போகிறார்.

அந்த டைரக்டரம்மா யாரென்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். எனக்கும், அண்ணனுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துவிட்டு உறையை ஒட்டித் தபாலில் போட்ட உங்களுக்கும். அண்ணிக்கு மட்டும் தெரியவில்லை. 'இப்படி ஒருத்தியோடு எப்படிக் காலம் தள்ளினாரோ' என்று எழுதியிருக்கிறார். படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். சிரித்து முடித்ததும் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

கல்யாணம் வேண்டாமென்று தனியாக நின்றவள் நான். என்னைச் சிரிக்க வைக்கத்தான் அண்ணன் 1986 முதல் இதை அனுப்பினார். நூற்று அறுபத்து நாலு படங்கள் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. கரையான் என்று பொய் எழுதிவிட்டேன். காலனியில் பாதிப் பேருக்கு அண்ணியை முப்பது வருஷமாகத் தெரியும். அந்தக் கம்பளியை மாட்டிய நிமிஷம் கண்டுபிடித்துவிடுவார்கள். அத்தனை பேர் முன்னால் அவர் தலைகுனிந்து நிற்பதா? உண்மையைச் சொல்லலாமென்றால், இத்தனை வருஷம் சேர்ந்து சிரித்தவள் நான்தானே. கழுவாத டம்ளரில் காப்பி கொடுத்தார்கள் என்று சொந்தப் பெரியப்பா மகளோடு பதினோரு வருஷம் பேசாதவர் அவர். அண்ணனுக்குப் பிறகு எனக்கென்று உட்கார்ந்து கடிதம் எழுத இருக்கிற ஒரே மனுஷியும் அவர்தான்.

எப்படியாவது தடுத்துவிடுங்கள்.

தங்கை,
பூங்கோதை


மயூர் விஹார், டெல்லி
5 அக்டோபர் 2024

அன்புள்ள பூங்கோதைக்கு,

நலம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன். கிளி வேண்டாம். உன் அண்ணனுக்குக் கிளி பிடிக்கும் என்பது எனக்குப் புதிய செய்தி. பால்கனிக்கு வரும் கிளிகளை அவர் செய்தித்தாளைச் சுருட்டி விரட்டுவார்.

மின்விசிறிப் படங்கள் சுமார். என்னிடமுள்ள ஒன்பதிலிருந்தே நாலைத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

முதலாவது: காய்கறிக்காரன் தராசில் டைரக்டரம்மா தன் கைப்பையிலிருந்து சொந்த எடைக்கல்லை எடுத்து வைக்கிறாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. நானும் அப்படித்தான் செய்வேன். இரண்டாவது: குண்டூசிக்கு முடிதிருத்துகிறவன் மீசையை ஒதுக்க, அவள் ஸ்கேல் வைத்து இரண்டு பக்கமும் அளக்கிறாள். மூன்றாவது: ரயிலில் முன்பின் தெரியாத ஒருவன் போர்வையை வாங்கி ஒழுங்காக மடித்துத் தருகிறாள். நாலாவது: டிவியில் குடியரசு தின அணிவகுப்பு, ஒரு சிப்பாய் கால் மாற்றி வைத்ததற்கு அவள் 'உச்' கொட்டுகிறாள், பின்னால் குண்டூசி விறைப்பாக நிற்கிறான். அவள் உட்கார்ந்திருப்பது வீட்டு நாற்காலிபோல் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் அரசாங்கம் ஆபீஸுக்கும் இதே நாற்காலிதான் வாங்கியது.

இரட்டைப் பின்னலில் செய்கிறேன். உனக்குப் புரியும்படி சொல்கிறேன். சாதாரணமாகப் பல வண்ணம் வைத்துப் பின்னினால் முன்னால் படமும் பின்னால் நூல் தோரணமும் இருக்கும். 'ஒரு வேலையின் யோக்கியதை அதன் முதுகில்' என்பார் எங்கள் சிஸ்டர் அகதா. இரட்டைப் பின்னலில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு கண்ணி. முன் பக்கத்துக்கு ஒன்று, பின் பக்கத்துக்கு ஒன்று. இரண்டு துணிகள் ஒரே ஊசியில் ஒன்றாக வளரும். இரண்டு பக்கமும் முகம்தான். பின்பக்கத்தில் வண்ணம் மாறும், இடம் வலமாகும், அவ்வளவுதான். எந்தக் கண்ணி எந்தப் பக்கம் என்று கண்ணுக்குத் தெரிய, எதிரெதிர் நிறம் வேண்டும். ஆகவே முன்னால் கறுப்பு முடி, பின்னால் வெள்ளை முடி. முன்னால் சிவப்புப் புடவை, பின்னால் நீலம். முகத்துக்கு மட்டும் இரண்டு பக்கமும் கோதுமை நிறம். மூன்றடிக்கு நாலடி.

எதிர் பிளாக் பாட்டியா அம்மாள் வந்து பார்த்தாள். "ஜெயா ஜி, சீதா-உல்டா தோ டீக் ஹை, இத்னா முஷ்கில் கியோங்? மதராசி லோக் கோ டண்ட் லக்தி ஹீ கஹாங் ஹை?" என்றாள். சாதாரணப் பின்னலே போதுமாம், மதராசிகளான எங்களுக்குக் குளிரே அடிக்காதாம். "குன்னூர் மேங் படீ ஹூங், பாட்டியா ஜி. வஹாங் ஆப் கே ஸ்வெட்டர் ஸே காம் நஹீங் சலேகா" என்றேன், நான் படித்த குன்னூர்க் குளிருக்கு அவள் ஸ்வெட்டர் தாங்காது என்று. போய்விட்டாள்.

கரையானுக்கு மருந்து அடித்தாயா?

உன் அண்ணி,
ஜெயலட்சுமி


ஜனக்புரி, டெல்லி
19 அக்டோபர் 2024

அன்புத் தங்கை பூங்கோதைக்கு,

எல்லோரும் நலம், நான் நீங்கலாக.

உன் கடிதம் கிடைத்ததும் பாலசுப்ரமணியத்துக்குப் போன் போட்டேன். "கம்பளியெல்லாம் எதுக்குப்பா, ஹால் சின்னது" என்றேன். "அண்ணே, அதுக்குத்தான் மொத்தக் காலனியும் காத்துக்கிட்டிருக்கு. நீங்கதான் திறந்து வைக்கப் போறீங்க, மாமி உங்க பேரைத்தான் சொன்னாங்க" என்றான். தடுக்கப் போனவனுக்கு மாலை தயார்.

சரி, நேரில் பார்ப்போமென்று மெட்ரோ ஏறி மயூர் விஹார் போனேன். அண்ணி வரைபடத் தாளை மேஜையில் விரித்து வைத்திருந்தார். கட்டம் கட்டமாக டைரக்டரம்மா. மேலுதட்டுக்கு மேல் இடப்பக்கத்து மச்சம், வலது கையில் கடிகாரம், எல்லாம் அப்படியே. வரைபடத்தின் மேல் குனிந்து நின்ற அண்ணிக்கும் அதே மச்சம், அதே வலது கையில் கடிகாரம். நான் தண்ணீர் கேட்டேன்.

"மாசிலாமணி, நீங்க ஒரே செக்ஷன்தானே? இந்த அம்மா பேர் என்ன?" என்று கேட்டார்.

உனக்குத் தெரியும், நான் அவசரத்தில் யோசிக்கத் தெரியாதவன். "மிஸஸ் டி'சூசா" என்று சொல்லிவிட்டேன்.

"இப்ப எங்க இருக்காங்க?"

"ரிடையர் ஆகி கோவா போயிட்டாங்க அண்ணி."

"உயிரோடதானே?"

அங்கேதான் தங்கச்சி தப்புப் பண்ணினேன். 'காலமாகிவிட்டார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஒரு உயிரைக் கொல்ல மனசு வரவில்லை. "ஜம்முனு இருக்காங்க" என்றேன்.

இப்போது அந்த அம்மாளைப் பொங்கலுக்கு அழைக்க வேண்டுமாம். வாரம் இரண்டு முறை போன் செய்து விலாசம் கேட்கிறார். நேற்று வேறு வழியில்லாமல் 'மிஸஸ் டி'சூசா, சர்ச் அருகில், மட்காவ்' என்று கொடுத்துவிட்டேன். மட்காவில் ஒரு சர்ச்தான் இருக்கிறதா என்று கேட்டார். போனில் சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துவிட்டேன்.

நீயே சொல்லிவிடு அம்மா.

மாசிலாமணி


மயூர் விஹார், டெல்லி
14 நவம்பர் 2024

அன்புள்ள பூங்கோதைக்கு,

இருமல் தவிர நலம். வெளியே வானம் என்று ஒன்று இருப்பதாகக் கேள்வி, பத்து நாளாகப் புகைதான். வெளியே போக முடியாததால் வேலை வேகமாக நடக்கிறது.

ஆனால் ஒரு பிழை செய்தேன். பேச்சுக் குமிழ்களில் எழுத்தைப் பின்னி, திருப்பிப் பார்த்தால் ஆம்புலன்ஸ் நெற்றியில் எழுதியிருப்பதுபோல் இடம் வலமாக இருந்தது. படம் திரும்பினால் குற்றமில்லை, எழுத்து திரும்பக் கூடாது. பதினோரு நாள் வேலையைப் பிரித்தேன். இப்போது குமிழ்களுக்கு மட்டும் பின்பக்கத்துக்குத் தனி வரைபடம் போட்டு, இரண்டு பக்கமும் நேராக வாசிக்கும்படி பின்னுகிறேன். ஒரு வரிசைக்கு ஒரு மணி நேரம்.

இந்த வேலையில் ஒரு விசித்திரம். கட்டம் கட்டமாகப் பார்ப்பதால் முகமே தெரிவதில்லை. இன்று முழுவதும் அவள் இடது புருவம். மொத்தம் பதினேழு கண்ணி. மூக்கின் மேல் என் மூக்கு இருக்கும் தூரத்தில்தான் எனக்கும் அவளுக்கும் பழக்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த டைரக்டர் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. நாலு படத்திலும் அவள் சொல்வதில் என்ன தவறு? காய்கறிக்காரன் கல் குறைவுதான். மீசை கோணல்தான். சிப்பாய் கால் மாற்றித்தான் வைத்தான். சரியானதைச் சொல்கிற பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிற ஆண்கள் நிறைந்த ஆபீஸில் அவள் எவ்வளவு பட்டிருப்பாள்! உன் அண்ணனும் அதில் ஒருவர் என்பது எனக்கு வருத்தம். அவர் யாரையும் கேலி செய்து நான் பார்த்ததில்லை. நாற்பத்திரண்டு வருஷத்தில் என்னை ஒரு வார்த்தை கேலியாகச் சொன்னதில்லை.

மிஸஸ் டி'சூசாவுக்கு இங்கிலீஷில் அழைப்புக் கடிதம் போட்டுவிட்டேன். கண்காட்சியில் அவளுக்கு முதல் நாற்காலி. உன் அண்ணன் சார்பில் நான் மன்னிப்புக் கேட்கப் போகிறேன்.

உன் அண்ணி,
ஜெயலட்சுமி


புதுக்கோட்டை
27 நவம்பர் 2024

வணக்கத்திற்குரிய அண்ணிக்கு,

உங்கள் இருமலுக்கு அதிமதுரம் அனுப்பியிருக்கிறேன். நாக்கில் அடக்கிக்கொள்ளுங்கள். இங்கே மழை. முழங்கால் சுமார்.

மிஸஸ் டி'சூசாவிடம் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம் அண்ணி. அவர் ஒன்றும் தவறாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். அவரைப் பற்றி நான் உங்களிடம் ஒரு விஷயம்

எதிர் வீட்டில் யாரோ கூப்பிட்டார்கள், போய் வந்தேன். எதை எழுத வந்தேன் என்று மறந்துவிட்டது. இருமலைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். அதுதான் முக்கியம்.

அன்பு நாத்தனார்,
பூங்கோதை


புதுக்கோட்டை
26 டிசம்பர் 2024

அண்ணி,

ஒரு மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. பாலசுப்ரமணியத்திடம் விசாரித்தேன், 'மாமி நல்லாத்தான் இருக்காங்க, வாக்கிங் போறாங்க, யார்கிட்டயும் பேசல' என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி மறைத்துப் பிரயோஜனமில்லை. டைரக்டரம்மா நீங்கள்தான்.

மிஸஸ் டி'சூசா என்று ஒருவர் கிடையாது. மாசிலாமணி அண்ணன் பயத்தில் பெற்ற பிள்ளை அது. கரையானும் கிடையாது. நூற்று அறுபத்து நாலு படங்கள் என்னிடம் இருக்கின்றன. நான் இங்கே ஒற்றை ஆளாகக் கிடக்கிறேனே என்று அண்ணன் அனுப்பிக்கொண்டே இருந்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்கு அதுதான் துணை. நீங்கள் இங்கே வரும்போதெல்லாம் அந்தப் பெட்டிக்கு மேல்தான் உங்களுக்குப் படுக்கை விரித்துக் கொடுத்திருக்கிறேன். அந்த வெட்கம் எனக்கு உண்டு.

கம்பளியை மாட்ட வேண்டாம் அண்ணி. காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள். என்னைத் திட்டி ஒரு கடிதமாவது எழுதுங்கள். பத்துப் பக்கம் திட்டுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

பூங்கோதை


மயூர் விஹார், டெல்லி
2 ஜனவரி 2025

பூங்கோதைக்கு,

உடம்பு நலம். அதிமதுரம் வந்தது.

உன் கடிதம் வருவதற்கு மூன்று வாரம் முன்பே எனக்குத் தெரியும். டிசம்பர் ஒன்பதாம் தேதி கடைசிக் கண்ணியை முடித்தேன். நூல் முனைகளைச் செருகுவதற்காகக் கட்டிலில் விரித்து, திருப்பிப் போட்டு, எழுந்து நின்று பார்த்தேன். அதுவரை முன்பக்கத்தைப் பார்த்தே வேலை செய்ததால் பின்பக்கத்தை முழுதாக, தள்ளி நின்று பார்த்தது அன்றுதான்.

வெள்ளை முடி. நீலப் புடவை. முன்பக்கத்தில் வலமாகத் தெரிந்த மச்சம் இங்கே இடமாக வந்திருந்தது. கடிகாரமும் மாறியிருந்தது. போட்டோ எடுத்துக்கொள்வது எனக்குப் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். என் முகம் எனக்குத் தெரிவதெல்லாம் காலையில் தலை வாரும்போது கண்ணாடியில்தான். கட்டிலில் கிடந்தது அந்த முகம். அன்று நான் கட்டியிருந்ததும் நீலம்.

இரண்டு மாதம் அவளுக்குப் புருவம் பின்னியிருக்கிறேன். அவளுக்காக வருத்தப்பட்டிருக்கிறேன். இல்லாத ஒருத்திக்கு, உன் பாஷையில் மாசிலாமணி பெற்ற பிள்ளைக்கு, ஸ்டாம்ப் ஒட்டி மன்னிப்புக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். அது 'விலாசதாரர் இல்லை' என்று முத்திரை குத்தித் திரும்பி வந்திருக்கிறது. அதைப் பொங்கலன்று மாசிலாமணியிடம் நேரில் கொடுப்பேன்.

அன்றே பிரிக்கத்தான் உட்கார்ந்தேன். இரட்டைப் பின்னலைப் பிரித்தால் இரண்டு நூலும் ஒன்றையொன்று சுற்றும். நவம்பரில் பிரித்தது கொஞ்சம்தான்; முழுக் கம்பளிக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்து கையை நீட்டி நூலை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த வேலையை எப்போதும் உன் அண்ணன்தான் செய்வார். தவிர, கடைசி முடிச்சை சிஸ்டர் அகதா சொல்லிக் கொடுத்தபடி போட்டிருந்தேன். என்னாலேயே அவிழ்க்க முடியவில்லை.

நீ சிரித்ததில் எனக்குக் கோபம் உண்டு. அது இருக்கட்டும், அது ஆறும்போது ஆறும். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. ஒரே வீட்டில் நாற்பத்திரண்டு வருஷம் நான் மாவு அரைத்ததும் ரேஷன் வாங்கியதும் ஒரு மனிதருக்கு வேடிக்கையாக இருந்திருக்கிறது. அவர் சிரித்து நான் கேட்டதே இல்லை. எதிரே உட்கார்ந்து நூலைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவர் மனதில் என்ன இருந்தது? என்னைப் பொறுத்துக்கொள்ளத்தான் வரைந்தாரா?

நூற்று அறுபத்து நாலையும் அனுப்பு. பதிவுத் தபால். எண் போட்டு, தேதி வாரியாக. ஒன்றுகூடக் குறையக் கூடாது.

கம்பளியை மாட்டுவதா வேண்டாமா என்பதை நான் முடிவு செய்துகொள்கிறேன். எனக்குக் காய்ச்சல் இல்லை.

ஜெயலட்சுமி


ஜனக்புரி, டெல்லி
16 ஜனவரி 2025

அன்புத் தங்கைக்கு,

உயிரோடு இருக்கிறேன். அதுவே பெரிய நலம்.

பொங்கலன்று போகக் கூடாது என்றுதான் இருந்தேன். பாலசுப்ரமணியம் காரே அனுப்பிவிட்டான். ஹாலில் நுழைந்தால் நட்ட நடுவில் கயிறு கட்டி, அதில் கம்பளி. சுவரோரமாக இல்லை, நடுவில். இரண்டு பக்கமும் ஜனம் சுற்றி வந்து பார்க்கும்படி. பக்கத்தில் அண்ணி, நீலப் புடவை, வலது கையில் கடிகாரம்.

நூறு பேர் இருப்பார்கள். எல்லோரும் கம்பளியைப் பார்க்கிறார்கள், அண்ணியைப் பார்க்கிறார்கள், உடனே தரையைப் பார்க்கிறார்கள். ஒருத்தர் இருமலைக்கூட விழுங்கினார். நான் ரிப்பனை வெட்டிவிட்டுக் கத்தரிக்கோலோடு அப்படியே நின்றேன்.

அந்தப் பாட்டியா அம்மாள்தான், "அரே ஜெயா ஜி! யே தோ ஆப் ஹீ ஹோ!" என்று, அது அண்ணியேதான் என்பதைப் போட்டு உடைத்தாள்.

அண்ணி திரும்பினார். "ஜீ, மேங் ஹீ ஹூங். மேரே ஹஸ்பெண்ட் நே பனாயா தா" என்றார், ஆமாம் நான்தான், என் வீட்டுக்காரர் வரைந்தது என்று. அப்புறம் தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி, "என்ன, யாரும் சிரிக்க மாட்டேங்கறீங்க? நல்லாத்தானே வரைஞ்சிருக்கார்? பத்து நிமிஷம் சிரிக்கலாம். அப்புறம் வடை ஆறிடும்" என்றார்.

யாரும் துணியவில்லை. அப்போது என் பக்கம் திரும்பி, "மாசிலாமணி, மிஸஸ் டி'சூசா வரலையா? மட்காவ்ல ரயில் லேட்டா?" என்று கேட்டு, கைப்பையைத் திறந்து, முத்திரை குத்திய அந்தக் கடிதத்தை என் கையில் வைத்தார். என் முகம் என்ன ஆனதோ தெரியவில்லை. முதல் வரிசையில் ஒரு பெண் களுக்கென்றது. அவ்வளவுதான். கூரை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள் தங்கச்சி. எதிர் பிளாக் காய்கறிக்காரன்கூட வந்திருந்தான், தராசுப் படத்தைக் காட்டிக் காட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஸஹீ ஹை மாதா ஜி, பில்குல் ஸஹீ ஹை!" என்றான், நூற்றுக்கு நூறு சரி என்று.

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. எல்லோருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார், எதையோ தேடுகிற மாதிரி.

படங்களை அனுப்பிவிட்டாயா? சீக்கிரம் அனுப்பு.

மாசிலாமணி


மயூர் விஹார், டெல்லி
9 பிப்ரவரி 2025

அன்புள்ள பூங்கோதைக்கு,

நலம். உன் பதிவுத் தபால் ஜனவரி இருபத்து மூன்றாம் தேதி வந்தது. முதல் தடவை எண்ணியபோது நூற்று அறுபத்து மூன்று இருந்தது. உன்னைச் சந்தேகித்தேன். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. சந்தேகித்ததற்கு வருந்துகிறேன்.

ஒரு நாளைக்குப் பத்து என்று வரிசையாகப் பார்த்தேன். தனித் தாளில் திருத்தங்களும் குறித்திருக்கிறேன். எண் 12: கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் டிக்கெட் பரிசோதகரை நான் அழ வைத்ததாக வரைந்திருக்கிறார். அவர் அழவில்லை, கண்ணில் கரி விழுந்தது. எண் 40: கரோல் பாகில் நான் கடைக்காரனிடம் புடவையைத் துவைத்துக் காட்டச் சொன்னதாக இருக்கிறது. முந்தானையின் ஓரத்தை மட்டும்தான் சொன்னேன். எண் 77: நான் அவ்வளவு உயரமில்லை. எண் 78 முதல் 131 வரை அதே குறை. நிலைக்கதவைவிட உயரமாக ஒரு மனுஷி எப்படி வீட்டுக்குள் வருவாள்?

சில இடங்களில் அவர் சொல்வது நியாயமாகவும் இருக்கிறது. மீசையை அளந்தது அதிகம்தான்.

கடைசிப் படம், எண் 164, ஆஸ்பத்திரியில் வரைந்தது. அதை மாசிலாமணிதான் வாங்கிப் போய்த் தபாலில் போட்டிருக்கிறார். 2022 ஜனவரி ஐந்து என்று தேதி. அவர் போவதற்கு ஆறு நாள் முன்பு. கோடு நடுங்குகிறது. கட்டிலின் கால்மாட்டில் நோயாளியின் தாள்களைத் தொங்கவிட்டிருந்தார்கள், தேதி மாற்றி மாற்றிச் செருகி. டைரக்டரம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வரிசைப்படுத்துகிறாள். மூன்று டாக்டர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கட்டிலில் குண்டூசி, போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தாள்களை அடுக்கிவிட்டுத் திரும்பினால் போர்வைக்குள் அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பயந்துவிட்டேன். "என்னங்க, என்ன பண்ணுது?" என்று கேட்டேன். "குளிருது, ஜெயா" என்றார். கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. நான் ஓடிப் போய் நர்ஸிடம் இன்னொரு கம்பளி கேட்டேன். இருப்பு இல்லை என்றாள். இருக்கிறதா இல்லையா என்று அலமாரியைத் திறந்து காட்டச் சொன்னேன். சத்தம் போட்டேன். ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வந்து அவர் மேல் போட்டு, நாலு பக்கமும் செருகிவிட்டேன். தோள் இன்னும் அதிகமாகக் குலுங்கியது.

அதையும் வரைந்திருக்கிறார். தாளின் கீழே, சின்னதாக. மூன்று கம்பளி, மலைபோல். அடியிலிருந்து இரண்டு கண் மட்டும் வெளியே தெரிகிறது. அது குளிர்கிறவனுடைய கண் இல்லை.

அந்தப் படத்தில் திருத்தம் எதுவும் இல்லை.

முழங்கால் தேவலையானதும் கிளம்பி வா. மார்ச் வந்தால் குளிர் விட்டுவிடும். எனக்கு நூல் பிடிக்க ஆள் வேண்டும்.

உன் அண்ணி,
ஜெயலட்சுமி